ஈறு நிறக் கூரை வைத்த ஸ்டேஷன்

ரயில் நிற்காத ஊர்கள் இந்த உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன, அவையெல்லாம் வாயை மூடிக்கொண்டு தம் பாட்டுக்கு இருக்கின்றன. ஆனால் நாரையேந்தல்காரர்கள் தங்கள் ஊரில் ரயில் நிற்காததை ஒரு பட்டம் போலச் சுமந்து திரிந்தார்கள், வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்வதற்கு முன்பே "ரயிலு போகும், நிக்காது" என்று பெருமூச்சு விட்டார்கள், கல்யாணப் பத்திரிகையில் வழி போடும்போதுகூட "ரயிலில் வருவோர் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டு, கீழக்கோட்டை ஜங்ஷனில் இறங்கி, மினி பஸ்ஸில் திரும்பி வரவும்" என்று அச்சடித்தார்கள்.

ஊரின் நடுவே ஒற்றைத் தண்டவாளம். கிழக்கே கடைத்தெரு, மேற்கே பள்ளிக்கூடமும் கண்மாயும், இரண்டுக்கும் நடுவில் இருளாண்டி காவல் காக்கும் ரயில்வே கேட். காலையில் வடக்கேயிருந்து தோணித்துறைக்கு ஒரு எக்ஸ்பிரஸ், சாயங்காலம் தோணித்துறையிலிருந்து வடக்கே ஒரு எக்ஸ்பிரஸ். இரண்டும் நாரையேந்தலைக் கண்டதும் ஹாரன் அடித்து, புழுதியைக் கிளப்பி, காயப்போட்ட துணியையெல்லாம் அழுக்காக்கிவிட்டு ஓடிப்போகும். நிறுத்தம் கேட்டு ஊரார் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அதுவே ஒரு பிளாட்பாரம் ஆகியிருக்கும் என்று பஞ்சாயத்துத் தலைவி ராக்கம்மாள் மேடைதோறும் சொல்லுவார், கைதட்டலும் விழும். தட்டி முடித்த கையோடு எல்லோரும் மினி பஸ்ஸுக்குப் போய் நிற்பார்கள்.

கடைத்தெருவின் கோடியில் சோலைமலை பல்செட்டு செய்துகொண்டிருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. அவர் பல் டாக்டர் இல்லை, டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுக்குப் பல் கட்டிக் கொடுப்பவர். ஆனாலும் ஊர் அவரை டாக்டரே என்றுதான் கூப்பிட்டது, இல்லை என்று அவர் மறுத்தால் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டது. ஆள் பேச்சில் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் கை அசையாத கை. அவர் கட்டிய செட்டைப் போட்டுக்கொண்டு சீடை கடித்தவர்கள் உண்டு. அவருடைய தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: எதுவும் ஆடக் கூடாது. ஆடுகிற எதைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது, டீக்கடை பெஞ்சு ஆடினால்கூடக் காகிதத்தை மடித்து அடியில் செருகிவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் மனைவி சௌந்தரவல்லி தோணித்துறைக்காரி, கடல் சத்தத்துக்கு மேல் பேசி வளர்ந்தவள். பிறந்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரே கொடுமை நடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், நாரையேந்தல் வரும், தன் வீடு வரும், கொடியில் காயும் தன் சேலை வரும், வாசலில் கைகாட்டிக்கொண்டு நிற்கும் தன் புருஷன் வருவார், எல்லாம் வந்து, எல்லாம் போய்விடும். பிறகு கீழக்கோட்டை ஜங்ஷனில் இறங்கி, ஆடும் கோழியும் ஆளும் ஒன்றாய் ஏறுகிற மினி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு, பார்த்த வீட்டுக்கே திரும்பி வரவேண்டும்.

போன தடவை அந்த மினி பஸ்ஸில் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளாடு, அவள் அசந்த நேரம் பார்த்து, பட்டுச்சேலையின் முந்தானையை நிதானமாக மென்று ஜரிகையை மட்டும் துப்பிவிட்டது. கிழிந்த முந்தானையைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து சோலைமலை சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. சிரித்ததோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை, கடித்த இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "ஆட்டுக்குப் பல்வரிசை நல்லா இருக்கு" என்று தொழில் அபிப்பிராயமும் சொல்லிவிட்டார்.

அவள் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அப்படியே திரும்பி, கீழக்கோட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தக்காளி வண்டியை மறித்து, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"உங்க ஊர்ல என்னைக்கு ரயிலு நிக்குதோ அன்னைக்கு வந்து இறங்குறேன். அதுவரைக்கும் ஆட்டுப் பல்லைப் பாத்துக்கிட்டு இருங்க!"

நாரையேந்தலில் இதைவிடக் கடுமையாக ஒரு புருஷனிடம் யாரும் பேசியதில்லை. ரயில் நிற்கிற அன்றைக்கு என்றால் என்றைக்குமே இல்லை என்று பச்சைக்குழந்தைக்கும் தெரியும். சோலைமலை தினமும் போன் செய்தார். அவளும் எடுத்தாள். "ரயிலு நிக்குதா?" என்பாள். "இல்ல" என்பார். "சரி" என்று வைத்துவிடுவாள். அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சே இல்லாமல் போனது. சோறு வெந்தால் வேகிற சத்தம், தண்ணீர் சொட்டினால் சொட்டுகிற சத்தம், சோலைமலைக்குத் தன் வீடு அவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. அவளில்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

அப்படி ஒரு மத்தியானம் பீரோவின் மேல் தூசி படிந்து கிடந்த அட்டைப்பெட்டி அவர் கண்ணில் பட்டது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சினன், சௌந்தரவல்லியின் தம்பி அரசு, பொங்கலுக்கு அனுப்பியது. பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் வைக்கிற மர ஸ்டேஷன், நாமே கோத்து ஒட்டிக் கட்டிக்கொள்ள வேண்டியது. "மாமா, உங்க ஊருக்குத்தான் ஸ்டேஷன் கிடையாதே, இதையாவது வச்சுக்கங்க" என்று போனில் அவன் சிரித்த சிரிப்புக்கு மரியாதை செய்யும் விதமாக சோலைமலை அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே மேலே தூக்கிப் போட்டிருந்தார். இப்போது பிரித்தார்.

உள்ளே மெல்லிய மரத்தகடுகள். அவற்றில் லேசரால் வெட்டிய சுவர், தூண், படிக்கட்டு, அரிசியளவு தாழ்ப்பாள். ஒவ்வொன்றும் தகட்டிலிருந்து உதிர்ந்துவிடாமல் மயிரிழை மரத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கப் புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது, ஆகவே அவர் படம் மட்டும் பார்த்தார். தகட்டின் ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசினால் அது அப்பளமாய் வளைந்துவிடும் என்பதை ஒரு சுவரைக் கெடுத்துத் தெரிந்துகொண்டார். பிறகு இரண்டு பக்கமும் பூசி, வளையாமல் இருக்க மேலே பாரமாகத் தன்னிடமிருந்த பல் அச்சுகளை வைத்தார், ராக்கம்மாளின் மேல்தாடையும் இருளாண்டியின் கீழ்த்தாடையும் காத்திருப்போர் அறையின் மேல் உட்கார்ந்து காவல் காத்தன. ஒட்டுவதற்கு முன் சாயம் பூச வேண்டும், ஒட்டிய பிறகு பூசினால் பசை பட்ட இடம் வெள்ளைத் தேமலாய் நிற்கும் என்பதையும், ஜன்னல் சட்டத்தை விரலால் எடுத்தால் விரலோடு வரும், இடுக்கியால் எடுத்தால்தான் இடத்தில் உட்காரும் என்பதையும் அவர் கை அவருக்கு முன்பே தெரிந்துகொண்டது. பல்லுக்குப் பல் இடைவெளி பார்க்கிற கண், பலகைக்குப் பலகை பார்த்தது. பிளாட்பாரத்தைப் பல் அச்சு வார்க்கிற சுண்ணாம்பில் வார்த்தார். கூரை ஓட்டுக்கான தாளில் டீயைக் கொட்டிவிட்டார். அதனால் கூரைக்கு மட்டும், ஈறுக்கு வைக்கும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கைத் தேய்த்து மெலிதாக்கி, ஓடு ஓடாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வேய்ந்தார். ஸ்டேஷன் மேல் ஈறு தெரியச் சிரிப்பது போல் இருந்தது.

பெயர்ப்பலகை வெறுமையாக இருந்தது. மஞ்சள் பூசி, இருப்பதிலேயே சன்னமான தூரிகையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாரையேந்தல் என்று எழுதினார். எழுதியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசிச் சாமானை எடுத்தார்.

அது கைகாட்டி. பழைய நாள் சிக்னல், ஒரு தூண், அதில் பல்குத்தும் குச்சியளவு ஒரு சிவப்புக் கை. கை நீட்டியிருந்தால் ரயில் நிற்கவேண்டும், தாழ்ந்தால் போகலாம். கையைத் தூணில் ஊசியால் கோத்து அது ஏறி இறங்கும்படி விடவேண்டும் என்று படத்தில் ஒரு வளைந்த அம்பு போட்டிருந்தார்கள். சோலைமலை கோத்தார். கை ஆடியது. ஆடியதுதான் தாமதம், யோசிக்கவே இல்லை, உடைந்த பல்லை ஒட்டுகிற வீரியமான பசையை எடுத்து ஒரு சொட்டு வைத்தார். கை நீட்டியபடியே நின்றது. விரலால் தட்டிப் பார்த்தார், ஆடவில்லை. திருப்தியாகக் கைகழுவிவிட்டுச் சோறு வடித்தார்.

மறுநாள் காலை எக்ஸ்பிரஸ் நாரையேந்தலில் நின்றது.

கேட்டை மூடிவிட்டுப் பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருந்த இருளாண்டிக்கு, கை வலித்த பிறகுதான் ரயில் போகவில்லை என்பது உறைத்தது. இன்ஜின் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தான். டிரைவர் எபனேசர் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், வண்டி நிக்குது."

"நிக்கத்தான செய்யும். சிக்னல் விழல."

"இங்க சிக்னலே கிடையாதே சார்."

"அந்தா, ஈறு கலர்ல ஓடு போட்ட ஸ்டேஷன். பக்கத்துல கைகாட்டி. கை நீட்டியிருக்கு."

இருளாண்டி அவர் காட்டிய பக்கம் பார்த்தான். அரசமரம், அரிசி மில், மாவு அரைக்கும் கடை, டீக்கடை, எல்லாவற்றுக்கும் பின்னால் சோலைமலையின் சுவர்.

"அது டாக்டர் வீட்டுக்குள்ளல்ல சார் இருக்கு? சுவரு மறைக்குமே?"

"சிக்னலுக்கு என்னய்யா சுவரு?" என்றார் எபனேசர், காபியை ஊதிக்கொண்டே. "சின்ன சிக்னல்னா தாண்டலாம், பெரிய சிக்னல்னா நிக்கணும்னு ரூல்ல எங்கயும் இல்ல. கை நீட்டியிருந்தா நிக்கணும், அம்புட்டுத்தான்."

இருளாண்டிக்கு அது நியாயமாகப் பட்டது. ஊருக்கும் நியாயமாகப் பட்டது. சாயங்காலத்துக்குள் டிராலியில் ஒரு ரயில்வே அதிகாரி வந்து சோலைமலையின் மேஜை முன் குனிந்து, பூதக்கண்ணாடியால் ஸ்டேஷனை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, பிளாட்பாரத்தில் குடிதண்ணீர்க் குழாய் இல்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை, கைகாட்டி முறைப்படிதான் வைக்கப்பட்டிருக்கிறது, அது விழாமல் வண்டியை எடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

ரயில் சரியாகக் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் ஊர் இரண்டாகிப் போயிருந்தது. முதல் நாள் எல்லோரும் குழம்பினார்கள். அடுத்த நாளே எஸ்-5 பெட்டி தெருவாகிவிட்டது. கிழக்கு வாசலில் ஏறி மேற்கு வாசலில் இறங்கினார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏறி இறங்கினார், பால்காரர் கேனோடு ஏறி இறங்கினார், ஆட்டுமந்தையும் பழகிக்கொண்டு வரிசையில் நின்று ஏறி இறங்கியது. பிறகு ஊர் ரயிலுக்குள் பரவியது. சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் பாவம் என்று ஆரம்பித்த இட்லி அண்டா, வேகமாக மூன்று டிபன் கடையாகப் பெருகியது. எஸ்-2வில் முடிவெட்டினார்கள், ஏசி பெட்டியில் தயிர் கெடாது என்று ஊர்த்தயிரெல்லாம் அங்கே போனது, மேல் பெர்த்தில் வெங்காயம் காய்ந்தது. தோணித்துறைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், போகிற இடத்தில் கிடைக்கிற மாப்பிள்ளை இங்கேயே கிடைக்கிறாரே என்று அரிசி மில்காரர் மகனைப் பேசி முடித்தது. பயணிகளில் பலருக்குப் பல்செட்டு ஆடியது, சோலைமலைக்கு நல்ல வேலை. ராக்கம்மாள் பல்செட்டு தெரியச் சிரித்தபடி பெட்டி பெட்டியாகப் போய் வணக்கம் சொன்னார், பெயர்ப்பலகை வைத்த மேஜைக்கு மாலை போட்டார், கற்பூரம் ஏற்றப்போனவரை மட்டும், கூரை உருகிவிடும் என்று சோலைமலை தடுத்தார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் சோலைமலை முதல் நாளே போன் செய்திருந்தார்.

"ரயிலு நிக்குதா?" என்றாள் வழக்கம்போல.

"நிக்குது."

அந்தப் பக்கம் கடல் மட்டும் கேட்டது.

"விளையாடுறீங்களா?"

"உன் தம்பி அரசு மேல சத்தியமா நிக்குது சௌந்தரம்."

அன்று சாயங்கால எக்ஸ்பிரஸ்ஸிலேயே அவள் ஏறிவிட்டாள். தோணித்துறையிலிருந்து கிளம்பிய அந்த வண்டி உப்பூரணி வரைக்கும் ஓடிவந்தது; உப்பூரணி, நாரையேந்தலுக்கு முந்தின ஸ்டேஷன். அதற்கு மேல் வர முடியவில்லை. ஒற்றைத் தண்டவாளம், அதில் நடுவில் ஒரு ரயில் நின்று இட்லி தின்றுகொண்டிருந்தால் இன்னொன்று எப்படி வரும்? நாரையேந்தலில் ரயில் நிற்பதால்தான் அவள் புறப்பட்டாள், நாரையேந்தலில் ரயில் நிற்பதால்தான் அவளால் வர முடியவில்லை. இது சோலைமலைக்குப் புரிய ஒரு முழு இரவு ஆனது.

"உப்பூரணியிலருந்து ஆட்டோ புடிச்சு வந்துரு" என்று போனில் கெஞ்சினார்.

"ரயில்ல வந்து இறங்குறேன்னு சொல்லியிருக்கேன். ரயில்லதான் இறங்குவேன்."

"எத்தனை நாளு அங்கயே உக்காந்திருப்ப?"

"நல்லாத்தான் இருக்கு. இங்க யாரும் என்னைப் பாத்து சிரிக்கல" என்றாள் அவள். சொல்லும்போது கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் உடைந்ததை அவர் கேட்டார். அவள் கோபமாக இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவளுக்கு வலித்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் எட்டியது.

உடனே மேஜைக்குப் போய் கைகாட்டியில் வைத்த பசையைச் சுரண்டக் கத்தியை எடுத்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்த டீக்கடைக்காரர் ஊரைக் கூட்டிவிட்டார். ராக்கம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தம்பி! கையை வச்சிராத!"

"என் வீட்டுக்காரி உப்பூரணியில உக்காந்திருக்கா தலைவரம்மா. இது போனாத்தான் அது வரும்."

"இது போனா அது வரும், சரி. வந்து நிக்குமா? கை விழுந்துட்டா எல்லா வண்டியும் பழையபடி ஓடிப்போயிரும். என் ஆயுசுல ஒரு ரயிலு நின்னுருக்கு தம்பி. என் சீலைத்தலைப்பை ஏந்திக் கேக்குறேன், விட்டுரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. பசையை எடுத்தால் கை நிற்காது, கை நிற்காவிட்டால் அவள் வரும் ரயிலும் தன் சேலையையும் தன் புருஷனையும் காட்டிவிட்டு ஓடிப்போகும். எடுக்காவிட்டால் அவள் வரவே மாட்டாள். சோலைமலை கத்தியை வைத்துவிட்டார். ஊர் அவர் வீட்டு வாசலில் முறைபோட்டுக் காவல் இருந்தது. கத்தி, ரம்பம், அரம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊரின் மனதை மாற்றியது ஒரு தாசில்தார். ஓய்வுபெற்றவர், எஸ்-6இல் ஜன்னலோரம் இருந்தவர், சும்மா இருக்கத் தெரியாதவர். நாரையேந்தலில் இருக்கிற ஆளைவிட ரயிலில் இருக்கிற ஆள் அதிகம் என்பதை அவர் எண்ணிக் கண்டுபிடித்துவிட்டார். முதலில், பெட்டிகளைத் தனி வார்டாக அறிவிக்க வேண்டும் என்றார். அப்புறம், குப்பை அள்ள வரவில்லை என்று மறியல் செய்தார். ரயிலில் உட்கார்ந்துகொண்டே ரயில் மறியல். அப்புறம், ஆள் பலம் இருக்கும்போது வார்டு என்ன வார்டு, அடுத்த பஞ்சாயத்துத் தலைவரே எஸ்-6இலிருந்துதான் என்று மேல் பெர்த்தில் ஏறி நின்று பேசினார். அதற்குக் கைதட்டல் விழுந்தது. கைதட்டியவர்களில் டிபன் கடைக்காரர்களும் இருந்ததை ராக்கம்மாள் தன் கண்ணால் பார்த்தார்.

அன்று மத்தியானமே அவர் சோலைமலை வீட்டுக்கு வந்தார். மடியிலிருந்து கத்தியையும் அரத்தையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"தம்பி, விருந்தாளின்னா வந்தமா சாப்புட்டமான்னு கிளம்பணும். உன் பொண்டாட்டி வேற அங்க தனியா கிடக்கா. எனக்கு மனசு கேக்கல. அனுப்பிரு."

சோலைமலை கத்தியைத் தொடவில்லை. மெழுகு உருக்கும் சின்னக் கரண்டியை விளக்கில் காட்டிச் சூடாக்கினார். சூடு கொஞ்சம் கூடினால் மரம் கருகும், தூண் போய்விடும், குறைந்தால் பசை இளகாது. ஊசி முனையில் கரண்டியை வைத்து மூச்சை அடக்கினார். ஒரு நூல் புகை வந்தது. கை மெதுவாகத் தாழ்ந்து, தூணோடு ஒட்டித் தொங்கியது.

தூரத்தில் எபனேசர் ஹாரன் அடித்தார். அடித்தவுடன் எடுத்துவிட்டார், அத்தனை நாள் காத்திருந்த மனுஷன், ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. எஸ்-5 வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த வாத்தியாரும், முடிவெட்டுகிறவரும், வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த அரைத்தலைக்காரரும், பாதி ஆட்டுமந்தையும் தோணித்துறைக்குப் போனார்கள். தாசில்தார் அந்த நேரம் கீழே இறங்கி மைக்செட்டுக்கு வாடகை பேசிக்கொண்டிருந்தார், அவர் இங்கே தங்கிவிட்டார். அது வேறு கதை.

போன் அடித்தது.

"இங்க வந்து அந்த வண்டி ஒதுங்கிருச்சு. எங்க வண்டி கிளம்பிருச்சு" என்றாள் சௌந்தரவல்லி. குரலில் பதற்றமா சந்தோஷமா தெரியவில்லை. "நல்லாக் கேட்டுக்கங்க. நீங்க வந்து நிக்கணும். பெட்டி ரெண்டு இருக்கு. ஊரே பாக்க, நீங்க வந்து, என் கையிலருந்து பெட்டியை வாங்கணும்."

"வரேன் சௌந்தரம்" என்றார். சொல்லிவிட்டுக் கைகாட்டியைப் பார்த்தார். கை தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கி நிறுத்தினார், விட்டதும் விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. பசை வைக்கலாம், வைத்தால் அவள் இறங்குவாள், ஆனால் அந்த வண்டியும் ஆயுசுக்கும் இங்கேயே நிற்கும், இன்னொரு தாசில்தார் முளைப்பார். யாரையாவது பிடிக்கச் சொல்லலாம் என்று தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ரயில் நிற்கிறதா இல்லையா என்று பார்க்க ஊர் முழுக்கக் கேட்டுக்கு ஓடிவிட்டது, ராக்கம்மாள் முதல் ஆளாக.

தெற்கே ஹாரன் கேட்டது.

சோலைமலை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், இடுக்கியை எடுத்தார், சிவப்புக் கையின் நுனியைப் பிடித்து, மட்டமாக, பல்வரிசை பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நேராக நீட்டி நிறுத்தினார். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். தண்டவாளம் அதிர்ந்து, மேஜை அதிர்ந்து, காத்திருப்போர் அறையின் ஜன்னல்கள் கிடுகிடுத்தன, இடுக்கி மட்டும் அசையவில்லை. பிரேக் கீச்சிடும் சத்தம் வந்தது. பிறகு ஊர் கத்துகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நின்றுவிட்டது என்று தெரிந்தது. அவள் இறங்கினாளா என்று தெரியவில்லை. இறங்கியவள் கூட்டத்தில் தன்னைத் தேடுவாள், ஊரே பார்க்கத் தேடுவாள், காணாவிட்டால் அடுத்த நிமிஷம் அதே பெட்டியோடு அதே ரயிலில் ஏறிவிடுவாள், அவளைத் தெரியாதா. கையை விட்டுவிட்டு ஓடலாம், ஓடினால் ரயில் கிளம்பிவிடும், அவள் ஒரு காலைப் படியில் வைத்திருந்தால் என்ன ஆவது? போன் மேஜையின் அந்தக் கோடியில் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க முடியவில்லை. நெற்றி வியர்வை இறங்கி மூடாத கண்ணில் விழுந்து எரிந்தது. ஒரு மனுஷன் தன் வாழ்க்கையில் செய்ய வேண்டிய வேலை முழுவதும் ஒரு குச்சியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் என்பது போல சோலைமலை பிடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் இரண்டு பெட்டிகள் தொப்பென்று விழுந்தன.

"ஊரு பூராவும் வந்து நிக்குது, கட்டுனவரைக் காணோம்! ரெண்டு பெட்டியையும் ஒத்தையாத் தூக்கிட்டு, கடைத்தெரு வழியா, எல்லாரும் வேடிக்கை பாக்க..." என்று ஆரம்பித்த சௌந்தரவல்லி, உள்ளே வந்து அவர் இருந்த கோலத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்ன பண்றீங்க?"

"இறங்கிட்டியா?" என்றார் அவர், திரும்பாமல்.

"இறங்காமயா இங்க நிக்கிறேன்?"

"ரெண்டு பெட்டியும் இறங்கிருச்சா?"

"இறங்கிருச்சு."

"அப்ப விட்டுரட்டுமா? கை மரத்துப் போச்சு."

அவள் மேஜைக்குக் கிட்டே வந்தாள். மஞ்சள் பலகையைப் படித்தாள், ஜன்னல்களைப் பார்த்தாள், இடுக்கியைப் பார்த்தாள், வியர்வையில் எரிந்து சிவந்திருந்த அவர் கண்ணைப் பார்த்தாள். தான் இறங்குவதற்காகத்தான் அவர் கேட்டுக்கு வந்து நிற்கவில்லை என்பது அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது.

"இருங்க, விட்டுறாதீங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "எங்க பெட்டியில ஒரு பொம்பளை கைக்குழந்தையோட இறங்கிட்டு இருந்தா. அவ நல்லபடியா இறங்கட்டும்."

முக்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சுண்டுவிரலால் கைகாட்டியின் கையை அடியிலிருந்து தாங்கிக்கொண்டாள்.

"நான் அன்னைக்கு சிரிச்சிருக்கக் கூடாது" என்றார் சோலைமலை.

"கூடாதுதான்" என்றாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள். "இது என்ன கலரு?"

"ஈறு."

"ஸ்டேஷனுக்கு ஈறா?"

சோலைமலை உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிக்கவில்லை, கெட்டியாகச் சிரிக்கவில்லை. சிரித்தது அவள். கடல் சத்தத்துக்கு மேல் சிரித்துப் பழகிய சிரிப்பு; சுண்டுவிரல் குலுங்கியது, இடுக்கி குலுங்கியது, அத்தனை நாழிகை ஆடாமல் நின்ற சிவப்புக் கை ஆடி ஆடித் தாழ்ந்தது. தூரத்தில் சாயங்கால எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துவிட்டு நகர்ந்தது.

இப்போதும் நாரையேந்தலில் இரண்டு ரயிலும் நிற்கின்றன. நேரம் வந்ததும் அந்த வீட்டில் யாராவது ஒருவர் கையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், எல்லோரும் ஏறி இறங்கியதும் விடுகிறார்கள். ஆகையால் ஊருக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அந்த வீட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் குரல் உயர்ந்தால் போதும், டீக்கடைக்காரர் ஓடுகிறார், ராக்கம்மாள் பஞ்சாயத்துக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறார், இருளாண்டி கொடியும் கையுமாக வந்து ஜன்னலில் நின்று, "அக்கா, வண்டி வர்ற நேரம்க்கா, சண்டையைச் செத்த தள்ளி வச்சுக்கங்க" என்று கும்பிடுகிறான். சரி, வண்டி போகட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்தபடி சௌந்தரவல்லி முக்காலியில் உட்காருகிறாள், சோலைமலை இடுக்கியை எடுக்கிறார். வண்டி வந்து, நின்று, போன பிறகு, எதற்குச் சண்டை போட்டோம் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோகிறது, அந்த ஆட்டு விஷயம் ஒன்றைத் தவிர.